சொல்லாத விண்ணப்பம்

கார்லினுக்கு ஜெபம் வரும். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கைப்பக்குவம் வரும், அந்த மாதிரி. கண்ணை மூடி வாயைத் திறந்தால் போதும், வார்த்தைகள் தானாக வந்து வரிசையில் நிற்கும். அயோவாவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அவளுடைய சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியில் யாருக்குப் பரீட்சை பயம் என்றாலும், யாருடைய காதல் முறிந்தாலும், இவள் அறைக் கதவைத்தான் வந்து தட்டுவார்கள். அவளும் ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை. பத்தொன்பது வயதில் உனக்கு ஒரு வரம் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னால் யார்தான் சலித்துக்கொள்வார்கள்?

மார்ச் மாத விடுமுறைக்கு மற்ற கல்லூரிப் பிள்ளைகள் ஃப்ளோரிடா கடற்கரையில் போய் முதுகு தோலுரியப் படுத்துக் கிடப்பார்கள். இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் வேனில் ஏறி ஊழியப் பயணம் போவார்கள். இந்த வருஷம் கென்டக்கி மலைப்பக்கம். வெள்ளம் தின்றுவிட்டுப் போன வீடுகளுக்குச் சுவர் வைக்கும் வேலை. ராத்திரி சபைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தூக்கப் பைகளை விரித்துப் படுக்கை. போகும்போது ஆளுக்கொரு சுத்தியல், திரும்பும்போது ஆளுக்கொரு சாட்சி, கர்த்தர் எனக்கு இன்னது காட்டினார் என்று. ஊருக்குப் போனதும் கல்லூரி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று சொல்ல அது வேண்டுமே. கேலி செய்யவில்லை, நல்ல பிள்ளைகள். விடிந்ததும் எழுப்பினால் முனகாமல் எழுந்து கையுறை மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை எங்கே பார்க்க முடிகிறது?

அவர்களுக்குக் கிடைத்தது வெர்லா நேப்பியரின் வீடு. ஓடைக்கரையில் இருந்த வீடு. தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறி, உள்சுவரெல்லாம் ஊறிப்போய், உரித்து எறிய வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து வெர்லா வாசலில் நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லரில், சக்கரம் வைத்த தகர வீட்டில்தான் குடியிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கட்டையான உடம்பு, தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. அந்த ஓடைச் சாலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இன்றைக்கு அங்கே பிள்ளை பெற்றிருப்பவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள்தான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வருவாள், ஒரு பானை பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்துவிட்டு, மாணவர்களோடு சேர்ந்து வேலையில் இறங்கிவிடுவாள்.

மாணவர்களுக்குத் தலைவன் டெரிக். மூன்றாம் வருஷம் படிக்கிறவன், கிதார் வைத்திருப்பவன், சுவர்ப்பலகை அடிப்பதில் கொஞ்சம் அவசரக்காரன். முதல் நாளே வெர்லா அவன் அடித்த பலகையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, உங்க ஊரு தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்கும்னு சொல்றாங்க. நீ அடிச்ச பலகை மட்டும் ஏன் மலை ஏறுது?”

தோசைக்கல் என்பது நான் சொல்வது. அவள் சொன்னது ரொட்டி சுடும் இரும்புச் சட்டியை. எப்படியோ, டெரிக் காது வரைக்கும் சிவந்துபோய்ப் பலகையைக் கழற்றி மறுபடி அடித்தான். அதற்குப் பிறகு எல்லாருக்கும் வெர்லாவைப் பிடித்துப்போயிற்று. கார்லினுக்கு எல்லாரையும்விட அதிகமாகப் பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பின் அறையில் கார்லினும் வெர்லாவும் மட்டும் இருந்தார்கள். பலகைகள் சேருகிற இடுக்குகளில் வெள்ளை மாவுப்பூச்சைக் கரண்டியால் இழுத்து மூடும் வேலை. வெர்லா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. பெரிய மழைகூட இல்லை, தூறல்தான். வெர்லாவின் பேச்சு பாதியில் நின்றது. கரண்டியைக் கீழே வைத்தாள். கை நடுங்குவதைக் கார்லின் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் வெர்லா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள்.

“மழைன்னா எனக்கு ஆகறதில்ல, கண்ணு. ராத்திரி பெஞ்சா டிரெய்லர்ல படுக்க மாட்டேன். காரை எடுத்துக்கிட்டு சர்ச் மேட்டுக்குப் போயி அதுலயே உக்காந்திருப்பேன். அது போகட்டும். காலைல பஸ்ஸுல ஸ்டியரிங்கைப் புடிச்சா கை நடுங்குது. பின்னால அத்தனை பிள்ளைங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல.”

கார்லினுக்குப் பாவமாக இருந்தது. தன்னிடம் சொல்லிவிட்டாளே என்று ஒரு பெருமையும் இருந்தது, அதையும் மறைப்பானேன். உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டாள்.

“ஜெபிக்கிறதுக்கு என்ன, தாராளமா ஜெபி” என்றாள் வெர்லா. முகத்தைத் துடைத்துக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. வெர்லாவுக்கு ஜெபி என்றால், ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு வாய்க்குள்ளேயே சொல் என்று அர்த்தம். கார்லினுக்கு ஜெபம் என்றால் வட்டமாக உட்கார்ந்து, கை கோர்த்து, இன்னாருக்கு இன்ன கஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்லி, எல்லாரும் சேர்ந்து கேட்பது. அவள் கல்லூரியில் அதுதான் அன்பு. சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் அங்கே கஞ்சத்தனம்.

புதன்கிழமை சாயங்காலம் சபையில் ஜெபக் கூட்டம். மாணவர்கள் முன் இரண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் ஹோபர்ட் விண்ணப்பங்களைக் கேட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவரின் அக்காவுக்கு ஆபரேஷன். நடுநடுவே சிலர் கையை உயர்த்தி, “சொல்லாதது ஒண்ணு” என்று மட்டும் சொன்னார்கள். போதகர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அங்கே அது வழக்கம். காலம் காலமாக அப்படித்தான். யாரும் யாருக்கும் விளக்கியதில்லை, மூச்சு விடுவதை யார் விளக்குவார்கள்? கார்லின் அதை முதல் தடவையாகப் பார்த்தாள். பாவம், கூச்சப்படுகிறார்கள், வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தாள்.

வெர்லா கையைத் தூக்கினாள். “சொல்லாதது ஒண்ணு” என்றாள்.

கார்லின் எழுந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. கஷ்டப்படுகிறவளுக்குக் கைகொடுக்கிற வேகம்.

“மிஸ் வெர்லாவுக்காக நாம எல்லாரும் ஜெபிக்கணும். வெள்ளத்துக்கு அப்புறம் மழைன்னாலே அவங்களுக்குப் பயம். பஸ் ஓட்டும்போது கை நடுங்குது. கர்த்தர் அந்தப் பயத்தை எடுத்துப்போடணும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. கண்ணை மூடி ஜெபித்தாள். அழகாகத்தான் ஜெபித்தாள். முடித்ததும் டெரிக் உரக்க ஆமென் என்றான். வேறு ஒரு ஆமெனும் வரவில்லை. கார்லின் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். வெர்லா மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லா பஸ்ஸில் போகிற இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டான்யா என்கிற பெண், கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே டெல்மர் இருந்தார். அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூட பஸ்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவர் கையில் இருந்த தொப்பியை எதையோ தேடுகிறவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, விளக்குகளை அணைத்துக்கொண்டே போதகர்தான் அவளுக்குச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இங்க சொல்லாததுன்னா, ஆண்டவருக்குத் தெரியும், மத்தவங்க கேக்க வேணாம்னு அர்த்தம்மா.” கார்லின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பஸ் ஓடைச் சாலையில் போனது. ஓட்டியது யாரோ ஒரு பையன். வெர்லா வீட்டுப் படிக்கட்டில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். விடியுமுன்னே டெல்மர் போன் பண்ணியிருந்தார். டான்யா கூப்பிட்டாளாம், இன்னும் சில வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்களாம். சபையில் அத்தனை பேர் காதால் கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்க முடியாது, பிள்ளைகள் விஷயம், கொஞ்ச நாள் சாவியைக் கொடுத்துவிடு என்றாராம். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. டான்யாவையும் சொல்ல முடியாது, பெற்ற வயிறு. வெர்லாவே அதைத்தான் சொன்னாள், அவள் இடத்தில் நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன் என்று.

ஆனால் அந்த பஸ் வெர்லாவுக்கு வெறும் சம்பளம் இல்லை. வீடு போயிற்று. வீட்டுக்குள் இருந்தது அத்தனையும் போயிற்று. விடிந்தால் எழுந்து போக ஒரு இடமும், பெயர் சொல்லிக் கூப்பிடப் பிள்ளைகளும் மிச்சம் இருந்தன. அதுவும் இல்லையென்றால், டிரெய்லரில் உட்கார்ந்து மழைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

கார்லின் அவள் முன்னால் போய் நின்றாள். மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அழாத” என்றாள் வெர்லா. “நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். இன்னிக்கு அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

அழுகையை அடக்கிக்கொண்டு, நானே போய் டெல்மரிடம் பேசுகிறேன், என் தப்புதான் என்று சொல்கிறேன் என்றாள் கார்லின்.

“இன்னொரு தடவை எனக்காக நீ வாயைத் தொறந்தேன்னு வையி, அந்தப் பலகையோட சேத்து வச்சு உன்னையும் ஆணி அடிச்சிருவேன். போ. பின் ரூம்ல வேலை கிடக்கு.”

போனாள். நாள் முழுக்க இடுக்குகளில் மாவுப்பூச்சை இழுத்துக்கொண்டே இருந்தாள். செய்த தப்பைச் சரிசெய்ய ஓடக்கூடக் கூடாது, சும்மா இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கமே இல்லாத தண்டனை. சாயங்காலம் மாணவர்கள் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தபோது ஜெபிக்க அவளைக் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. டெரிக் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கர்த்தர் நம் தப்பையும் உபயோகப்படுத்துவார், ஒரு நாள் இதுவே ஒரு நல்ல சாட்சியாக மாறும் பார் என்றான்.

“யாருக்குடா சாட்சி? பஸ் போனது அவங்களுக்கு” என்றாள் கார்லின்.

டெரிக் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டான், அந்த மட்டும் அவன் நல்லவன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. தூறல் இல்லை, ஓடை சத்தம் போடுகிற மழை. அன்று காலை வெர்லா தானே டெல்மருக்குப் போன் பண்ணினாள் என்பது மாணவர்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மழை பெய்கிறது, பிள்ளைகளை அந்தப் பையன் இறக்கிவிடட்டும், அப்புறம் காலி பஸ்ஸைச் சர்ச் மேட்டுக்கு எடுத்துக்கொண்டு வா, நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார், பார்த்துவிட்டு உன் இஷ்டம்போல முடிவு பண்ணு என்றாளாம்.

கார்லின் பின் அறை ஜன்னலில் இருந்து பார்த்தாள். மஞ்சள் பஸ் ஓடைச் சாலையில் இறங்கி வந்தது, ஸ்டியரிங்கில் வெர்லா, பக்கத்தில் டெல்மர். வீட்டுக்குச் சற்று மேலே ஒரு தாழ்ந்த பாலம் இருந்தது. பஸ் பாலத்துக்கு முன்னால் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கார்லின் கரண்டியைக் கீழே வைத்தாள். முடியவில்லை, அவளால் முடியவில்லை, எல்லாம் என்னால்தான் என்று தோன்றியது. அப்போது கதவு திறந்து வெர்லா இறங்கினாள். மழைக்கோட்டின் தலைமூடியைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளாமல் பாலம் வரைக்கும் நடந்து போய், குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். டெல்மர் இறங்கவில்லை. பிறகு வெர்லா திரும்பி நடந்து ஏறிக்கொண்டாள். பஸ் மெதுவாகப் பாலத்தைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, வளைவில் திரும்பிப் போய்விட்டது. வெர்லா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி விருந்து. சனிக்கிழமை காலை மாணவர்கள் கிளம்ப வேண்டும். சபைக்காரர்கள் அடித்தளத்தில் மேஜைகளைப் போட்டு, கோழிக் குழம்பில் வெந்த மாவு உருண்டைகள், பச்சை பீன்ஸ், வாழைப்பழ புட்டிங் என்று கொண்டுவந்து நிரப்பினார்கள். வெர்லாவும் இரும்புச் சட்டியில் சோள ரொட்டியோடு வந்தாள். வருவாளா என்று கார்லின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்த வாரம் கர்த்தர் தங்களுக்கு என்ன காட்டினார் என்று சொன்னார்கள். கார்லின் முறை வந்தது. அவள் எழுந்தாள்.

“பின் ரூம்ல இன்னும் ஒரு கை பூசணும். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

டெரிக் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அந்த இடைவெளியில் டெல்மர் எழுந்து வந்து வெர்லாவின் தட்டுக்குப் பக்கத்தில் பஸ் சாவியை வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து நீயே எடுத்துக்கொள் என்றார்.

“கை நடுங்குச்சா இல்லியா? அதைச் சொல்லுங்கண்ணே” என்றாள் டான்யா, தன் இடத்தில் இருந்தே.

டெல்மர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். “நடுங்குச்சு” என்றார்.

வெர்லா எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா, நடுங்குச்சு. பாலத்துக்கிட்ட நிறுத்தினேன். இறங்கிப் பாத்தேன். தண்ணி பாலத்துப் பலகைக்குக் கீழதான் ஓடுச்சு, அதனால தாண்டினேன். மேல ஏறியிருந்தா திருப்பிக்கிட்டு வந்திருப்பேன், பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப்போகாது. வெள்ளத்துலயிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கு. ராத்திரி மழைன்னா கார்லதான் உக்காந்திருக்கேன். இதை என்னைக்காவது நானே சொல்லணும்னு இருந்தேன். அது தவறிப்போச்சு. இப்ப சொல்லிட்டேன். உன் பிள்ளைங்கள ஏத்தறதும் ஏத்தாததும் உன் இஷ்டம், டான்யா. கோவிச்சுக்க மாட்டேன்.”

டான்யா குனிந்தாள். சின்ன மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தாள்.

“மழை பெஞ்சா நான் ஷூவோடதான் படுக்கறேன்” என்றாள் கடைசியில். “இவங்களையும் கழட்ட விடறதில்ல. அவருகிட்ட குளுருக்குன்னு சொல்லியிருக்கேன்.”

பக்கத்தில் இருந்த அவள் புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். டெல்மர், தண்ணீர் வந்தால் உடனே கிளம்பத் தோதாகத் தன் வண்டியை எப்போதும் ரோட்டைப் பார்த்தபடிதான் நிறுத்துவதாகச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, நாங்கள் போட்டோ ஆல்பத்தை எல்லாம் காரிலேயே வைத்திருக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தனை நாளாக ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டு, ஊரே முழித்துக் கிடந்திருக்கிறது.

டெரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ண இதைவிட நல்ல நேரம் ஏது என்று கிதாரை எடுக்கக் கை நீட்டினான். கார்லின் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம். இது நம்மளுது இல்ல. வா, பாத்திரம் கழுவலாம்.”

தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மாணவர்கள் எல்லாரும் சமையலறைக்குள் போனார்கள். கார்லின் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் பேச்சுக்குரல்கள் கேட்டன, நடுவே வெர்லாவின் சிரிப்பும் ஒரு தடவை கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

வெகு நேரம் கழித்து வெர்லா தன் இரும்புச் சட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். கார்லின் துடைத்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். வெர்லா வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

“மன்னிச்சிட்டேனான்னு கேக்கலாமா வேணாமான்னு நிக்கற. கேக்காத. இன்னும் இல்ல.”

“சரி, மிஸ் வெர்லா.”

“உன் நம்பரைக் குடு. திங்கக்கிழமை டான்யா பிள்ளைங்க ஏறுனா ஒரு வரி அனுப்பறேன்.”

ஏறாவிட்டால் என்ன செய்வாள் என்று வெர்லா சொல்லவில்லை, கார்லினும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி ஆலயம் நிரம்பி வழிந்தது. பயணம் போய்வந்த குழுக்கள் ஒவ்வொன்றாக மேடை ஏறிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. கென்டக்கி போனவர்கள் அடுத்து வரலாம் என்று அழைப்பு வந்தபோது கார்லினின் மடியில் போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

‘ஏறிட்டாங்க. ரெண்டு பேரும். இங்க மழை.’

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. டெரிக் குனிந்து, யாரு, என்ன ஆச்சு என்று கேட்டான். எல்லாருக்கும் சொல்லேன், அவர்களும் சந்தோஷப்படட்டும் என்றான்.

“ஒண்ணுமில்லடா, நீ போ” என்று அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மேடைக்கு டெரிக்கும் மற்றவர்களும் மட்டும் போனார்கள்.